உப்பை மறந்த கடற்கணக்கு

தென்மேற்குப் பருவமழை நெருங்கும் வேளையில் எல் நினோ, இந்தியப் பெருங்கடல் இருமுனை என்னும் இரு பெயர்கள் ஆண்டுதோறும் செய்திகளில் அடிபடுகின்றன. இரண்டும் வெப்பநிலைக் கணக்காக மட்டுமே மக்களிடம் வந்து சேர்கின்றன. 1999-இல் சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகதா ஆகியோர் விளக்கிய இருமுனை நிகழ்வு, பெருங்கடலின் மேற்குப் பகுதிக்கும் சுமத்ராவை ஒட்டிய தென்கிழக்குப் பகுதிக்கும் இடையிலான மேற்பரப்பு வெப்ப வேறுபாட்டைக் கொண்டே அளக்கப்படுகிறது. அதில் பிழையில்லை. ஆனால் வங்காள விரிகுடாவுக்கு அது பாதிக் கணக்கே. மறுபாதி உப்பில் இருக்கிறது.

அரபிக்கடலின் மேற்பரப்பில் ஒரு கிலோ நீருக்கு ஏறத்தாழ 36 கிராம் உப்பு உண்டு. வங்காள விரிகுடாவின் வடபகுதியில், மழைக்காலத்தை அடுத்து, அது 30 கிராமுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் மகாநதியும் கோதாவரியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீரும், கடல்மேல் பெய்யும் பெருமழையுமே காரணம். எடை குறைந்த அந்நீர், கனத்த உவர்நீரின் மேல் படலமாக மிதக்கிறது. காற்று எவ்வளவு அலைத்தாலும் கீழ்நீருடன் எளிதில் கலப்பதில்லை. படலத்துக்கும் ஆழத்துக் குளிர்நீருக்கும் இடையே, உப்பால் மேற்பரப்பினின்று வேறுபட்டும் வெப்பத்தால் வேறுபடாத ஓர் அடுக்கு உருவாகிறது. கடலியலார் இதனைத் தடுப்பு அடுக்கு என்பர். குளிர்காலத்தில் மேற்பரப்பைவிட அதன் அடிநீர் வெதுவெதுப்பாக இருக்கும் விந்தையும் இங்கு நிகழ்வதுண்டு.

புயலின் வலிமையோடு இதற்கு நேரடித் தொடர்புண்டு. கடலைக் கலக்கிச் செல்லும் புயல், அடியிலுள்ள குளிர்நீரை மேலே கொணர்ந்து தன் ஆற்றலின் ஊற்றைத் தானே அடைத்துக்கொள்வது வழக்கம். தடுப்பு அடுக்கு தடித்திருந்தால் மேலே வருவதும் வெந்நீரே. தளர வேண்டிய புயல் தளராது போகலாம். ஆகவே 29 பாகை காட்டும் இரு கடற்பரப்புகள் வரைபடத்தில் ஒரே நிறம் பெறினும் புயலுக்கு அவை ஒன்றல்ல.

இந்த நன்னீர் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. மழைக்காலம் முடிந்ததும் கிழக்குக் கரையோர நீரோட்டம் அதனைத் தெற்கே இழுத்துச் செல்கிறது; ஒரு பகுதி இலங்கையைச் சுற்றி அரபிக்கடலின் தென்கிழக்கு மூலையை அடைகிறது. பருவமழை தொடங்குமுன் இலட்சத்தீவை ஒட்டிக் கடல் சூடேறுவதில் அதற்கும் பங்குண்டு. இருமுனை எதிர்மறையாக அமையும் ஆண்டுகளில் இந்நன்னீர் நாக்கு கரையோரமாக நெடுந்தொலைவு நீள்கிறது. நேர்மறை ஆண்டுகளில் சுருங்குகிறது. காலநிலைச் சுழற்சி உப்பை நகர்த்துகிறது, உப்பு வெப்பத்தைக் காக்கிறது என்றால், இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும் அல்லவா?

அளவீட்டின் நிலையோ வேறு. விண்ணிலிருந்து உவர்ப்பை அளப்பது 2009-இல் ஏவப்பட்ட ஸ்மாஸ் செயற்கைக்கோளுடன்தான் தொடங்கியது. நிலத்தின் கதிர்வீச்சு குறுக்கிடுவதால் கரையருகே அதன் கண் மங்குகிறது; நன்னீர் செல்வதோ கரையை ஒட்டியே. ஆர்கோ மிதவைகள் ஆழ்கடலுக்கு உரியவை. நங்கூரமிட்ட மிதவைகளின் உவர்ப்பு உணரிகளில் பாசியும் சிப்பியும் படிகின்றன. மீன் கூடும் இடமென்று படகுகள் அவற்றை நாடுவதால் சேதமும் நேர்கிறது. புதிய செயற்கைக்கோளுக்குக் கிடைக்கும் கைதட்டலில் ஒரு சிறு பங்கேனும் உணரியை மாற்றச் செல்லும் கப்பலுக்குக் கிடைப்பதில்லை.

கணினி மாதிரிகள் இக்குறையை ஈடுசெய்யும் என்பர் சிலர். ஓரளவு உண்மையே. ஆயினும் அம்மாதிரிகள் பலவற்றில் ஆறுகளின் வரத்து நீண்டகாலச் சராசரியாகவே இடப்படுகிறது. வெள்ள ஆண்டும் வறட்சி ஆண்டும் அங்கே ஒன்றே. கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலங்களின் நீரோட்டத் தரவுகளை இந்திய அரசு பொதுவில் வெளியிடுவதில்லை. எல்லை கடந்த ஆறுகள் என்பதே கூறப்படும் காரணம். பேச்சுவார்த்தை மேசையில் அந்த மறைவுக்குப் பொருள் இருக்கலாம். கடலில் கலந்துவிட்ட நீருக்கு என்ன இரகசியம்? கழிமுகத்தை அடையும் மொத்த வரத்தை மட்டுமாவது, சில வாரத் தாமதத்துடன், கடல் ஆய்வாளருக்குத் திறந்துவிடலாம். அக்டோபர், நவம்பர் புயல்களுக்கு முன் அந்த எண்கள் கிடைத்தாலே போதும்.