பதிவு எண் இருக்கிறது, தேட வழி இல்லை

2024 டிசம்பரில் செபி கொண்டுவந்த திருத்தம் நம் முதலீட்டு ஆலோசனைத் தொழிலின் வாசலை அகலமாக்கியிருக்கிறது. நிகர மதிப்பு நிபந்தனை நீங்கி, 150 வாடிக்கையாளர் வரை ஒரு லட்சம் ரூபாய் டெபாசிட் போதும் என்றாகிவிட்டது. பகுதிநேர ஆலோசகர் 75 பேர் வரை ஏற்கலாம். வரவேற்கிறோம். நாடு முழுவதற்கும் ஆயிரம் பேர்கூட இல்லாத பட்டியல் நீளட்டும்.

நீளும் பட்டியலை நம்பித்தான், ஆலோசகரைத் தேடித் தருகிறோம் என்று இணையச் சேவைகள் நம்மிடமே லீட் விற்க வருகின்றன. பதிவில்லாமல் ஆலோசனை சொல்பவரோடும், லாபக் கணக்கு காட்டி ஆள் சேர்ப்பவரோடும் வாடிக்கையாளர் பரிந்துரை உறவே கூடாது என்கிறது செபியின் விதி 16ஏ. பெயரையும் போன் எண்ணையும் மட்டும் கைமாற்றுபவரைப் பற்றி அதில் நேரடியாக ஒன்றுமில்லை. அமெரிக்காவில், காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் அதை அப்போதே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். 2022 நவம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. இங்கே விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். லீடுக்குக் கொடுத்த தொகையை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே ரூபாயில் எழுதுங்கள். நட்சத்திர மதிப்பீடும் வாடிக்கையாளர் பாராட்டும் போடும் தளங்களில் சேராதீர்கள். 2023 விளம்பர நெறிமுறை பாராட்டுரைகளைத் தடை செய்திருக்கிறது.

ஆலோசகரைத் தேடுபவரின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க, இனி அந்தமானுக்கு வருவோம். ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) ஓய்வுபெறும் அரசு ஊழியருக்கு இன்று பணிக்கொடை 25 லட்சம் வரை கிடைக்கலாம். அந்தப் பணம் கணக்கில் ஏறியதும் யூலிப் விற்கப் போன் வருகிறது. தபால் நிலையத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம் என்று யாரும் சொல்வதில்லை. அதில் கமிஷன் கிடையாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்டிலேயே தீவுகளுக்குப் போய்விட்டது. வீடியோவில் பேசலாம், ஆதார் வழியே கையெழுத்து வாங்கலாம். தூரத்தை இனியும் காரணம் காட்ட முடியாது.

ஆனால் அந்தமானின் டிக்லிப்பூரில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை செபி பட்டியலைத் திறந்தால் என்ன காண்பார்? பெயர், பதிவு எண், முகவரி, மின்னஞ்சல். இவர் தமிழ் பேசுவாரா, வங்காளம் பேசுவாரா? ஆண்டுக்கு எவ்வளவு கேட்பார்? புதியவர்களை ஏற்கிறாரா? ஒன்றுக்கும் அங்கே பதில் இல்லை. நம்மை ஒழுங்குபடுத்துபவர்கள் நம் டெபாசிட்டின் மேல் உரிமை போட்டு வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் தணிக்கை கேட்கிறார்கள். இரண்டு என்ஐஎஸ்எம் தேர்வுகள் எழுத வைக்கிறார்கள். ஐந்தாண்டுப் பதிவேடுகளைக் காக்கச் சொல்கிறார்கள். நம்மைப் பற்றி இத்தனை அறிந்தவர்களால் பட்டியலில் மூன்று பத்தி சேர்க்க முடியாதா? முடியும், மனமில்லை. அந்த வெற்றிடத்தில்தான் லீட் வியாபாரி கடை விரிக்கிறார். பெரிய தொகை வைத்திருப்பவரையே அவர் நம்மிடம் அனுப்புவார். டிக்லிப்பூர் ஆசிரியை அவர் சல்லடையில் தங்கமாட்டார்.

2024 ஜூலை முதல் நம்மை மேற்பார்வையிடும் பிஎஸ்இ, மொழி, கட்டண முறை, புதியவரை ஏற்கும் நிலை ஆகிய மூன்றையும் தேடக்கூடியபடி இலவசமாக வெளியிட வேண்டும். அதுவரை, தீவுகளிலிருந்து வருவோரை ஏற்கத் தயாராக இருக்கும் வாசகர்கள் தங்கள் பதிவு எண், பேசும் மொழிகள், கட்டணத்தோடு நமக்கு எழுதுங்கள். யாரிடமும் காசு வாங்காமல் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.