ராம்சர் பட்டியலில் ஊர் ஏரி... பாசன உரிமை பறிபோகுமா?

வாசகர் கேள்வி

'எங்கள் ஊர் ஏரி ஏற்கெனவே பறவைகள் சரணாலயம். இப்போது அதை ராம்சர் பட்டியலில் சேர்த்துவிட்டதாகப் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அந்த ஏரிக்குக் கீழே எனக்கு 2 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. இனி மடை திறக்க விடமாட்டார்கள், வண்டல் அள்ள விடமாட்டார்கள், போகப்போகப் பட்டாவிலும் கை வைப்பார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். நிலத்தை விற்றுவிடலாம் என்று என் மகன் சொல்கிறான். என்ன செய்வது?'

- ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்.

பதில்

முதலில் நிலத்தை விற்கும் பேச்சை நிறுத்தி வையுங்கள். ராம்சர் பட்டியலில் ஏரி சேர்ந்ததால் பட்டா நிலத்தின் உரிமை மாறாது. ஆயக்கட்டுப் பாசனமும் தானாக நின்றுபோகாது. சில கட்டுப்பாடுகள் உண்டு. அவை எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

ராம்சர் என்றால் என்ன?

ராம்சர் என்பது ஈரான் நாட்டில், காஸ்பியன் கடலோரம் இருக்கும் ஒரு ஊர். 1971-ம் ஆண்டு பிப்ரவரி 2 அன்று அங்கு கூடிய நாடுகள், ஏரி, சதுப்பு, கழிமுகம், அலையாத்திக் காடு போன்ற ஈரநிலங்களைக் காப்பாற்ற ஓர் ஒப்பந்தம் போட்டன. அதனால்தான் ஆண்டுதோறும் பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். இந்தியா 1982-ல் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஒடிசாவின் சிலிகா ஏரியும், ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பறவைகள் சரணாலயமும் இந்தியாவின் சார்பில் முதலில் பட்டியலில் ஏறியவை.

தமிழ்நாட்டில் 2002-ல் கோடியக்கரை மட்டும் சேர்ந்தது. அதன்பிறகு 20 ஆண்டுகள் ஒன்றும் இல்லை. 2022-ல் வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், வெள்ளோடு, வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், பள்ளிக்கரணை, பிச்சாவரம் என வரிசையாகச் சேர்ந்தன. 2024-ல் கரைவெட்டி, நஞ்சராயன் குளம், கழுவேலி போன்றவையும், 2025 தொடக்கத்தில் ராமநாதபுரம் மாவட்டத்தின் சக்கரக்கோட்டை, தேர்தங்கல் கண்மாய்களும் வந்தபோது எண்ணிக்கை 20 ஆனது. இந்தியாவிலேயே இதுதான் அதிகம்.

எந்த ஏரியை வேண்டுமானாலும் சேர்த்துவிட முடியாது. அதற்கு 9 அளவுகோல்கள் இருக்கின்றன. வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளுக்கு மேல் தங்குவது, ஒரு பறவை இனத்தின் மொத்த எண்ணிக்கையில் நூற்றில் ஒரு பங்காவது அங்கு வருவது, அழிவின் விளிம்பில் உள்ள உயிரினத்துக்குப் புகலிடமாக இருப்பது போன்றவற்றில் ஏதாவது ஒன்றில் தேற வேண்டும்.

விவசாயம் செய்யக் கூடாதா?

ராம்சர் ஒப்பந்தம் 'கையை வைக்காதே' என்று சொல்லவில்லை. 'கெடாமல் பயன்படுத்து' என்பதுதான் அதன் அடிப்படை. ஈரநிலம் என்பதற்கு அது சொல்லும் விளக்கத்தில் நெல் வயலே அடங்கும். கேரளாவின் வேம்பநாடு - கோள் நிலப்பகுதி 2002-ல் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 1,51,250 ஹெக்டேர் பரப்புள்ள அந்தப் பகுதிக்குள் குட்டநாடும், திருச்சூர் கோள் வயல்களும் வருகின்றன. வரப்புக் கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி, அங்கு இன்றும் நெல் விளைகிறது.

அப்படியானால் கட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது? நம் நாட்டுச் சட்டங்களிலிருந்துதான். உங்கள் ஊர் ஏரி சரணாலயம் என்பதால், 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். பலகை வைப்பதற்கு முன்பும் அதே சட்டம்தான் இருந்தது. சரணாலய எல்லைக்குள் தண்ணீரைத் திருப்பிவிடுவதற்கும், மண் அள்ளுவதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். அதேநேரம், சரணாலயம் அமைக்கும்போது மக்களுக்கு இருக்கும் உரிமைகளை மாவட்ட ஆட்சியர் விசாரிக்க வேண்டும் என்றும், அவற்றைத் தொடர்ந்து அனுபவிக்க அனுமதிக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எனவே ஆயக்கட்டுப் பதிவேடு, பழைய பாசன ரசீது, மடைமுறை பற்றிய ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். அவைதான் உங்கள் சாட்சி.

சரணாலயமாகவோ காப்புக்காடாகவோ இல்லாத ராம்சர் நிலங்களுக்கு 2017-ம் ஆண்டு ஈரநிலங்கள் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். ஈரநிலத்தை மூடி வேறு உபயோகத்துக்கு மாற்றுவது, ஆக்கிரமிப்பு, புதிய தொழிற்சாலை, குப்பை கொட்டுவது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவது, வேட்டை ஆகியவற்றுக்கு அதில் தடை. உயர்ந்தபட்ச வெள்ளம் சராசரியாக நிற்கும் அளவிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடமும் கூடாது. இந்தத் தடைகளைப் படித்துப் பாருங்கள். ஏர் பிடிப்பவரைவிட, ஏரியைக் கூறுபோட்டு விற்பவருக்குத்தான் இவற்றால் சிக்கல் அதிகம்.

வண்டல் மண்ணைப் பொறுத்தவரை, சாதாரண ஏரியில் எடுப்பதுபோல் வட்டாட்சியர் அனுமதியோடு மட்டும் எடுத்துவிட முடியாது. வனத்துறையிடம் ஊராகச் சேர்ந்து கேட்க வேண்டும். பறவைகள் கூடு கட்டும் காலம் முடிந்து, ஏரி வற்றியிருக்கும் கோடையில், மரங்களின் வேர் பாதிக்காத இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

வேடந்தாங்கல் காட்டும் வழி

உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 74 ஏக்கர்தான். அது காட்டுக்குள் இருக்கும் ஏரி அல்ல, பாசன ஏரி. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடக் கூடாது என்று கவுல் வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். ராம்சர் ஒப்பந்தம் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே விவசாயிகள் வாங்கிய பாதுகாப்பு அது.

பறவைப் பாசம் மட்டும் அதற்குக் காரணம் அல்ல. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் தண்ணீரில் விழுந்து கரைகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. மடை திறந்தால் தண்ணீரோடு உரமும் வயலுக்கு வருகிறது. அதாவது ஏரி பாசனம் செய்கிறது, பறவை உரம் போடுகிறது. இந்தக் கணக்கு அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலும் இதே கதைதான். அங்கு வீட்டுக் கொல்லையில் உள்ள வேம்பிலும் புளியிலும்கூடப் பறவைகள் கூடு கட்டும். எச்ச நாற்றத்தை ஊர் பொறுத்துக்கொள்கிறது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஈரோடு வெள்ளோடு பகுதி மக்களும் பட்டாசைத் தவிர்க்கிறார்கள்.

விவசாயியை ஒதுக்கினால் என்ன ஆகும்?

அதற்கும் உதாரணம் உண்டு. பரத்பூரில் 1982-ல் எருமை மேய்ச்சலுக்குத் தடை போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக மேய்த்தவர்கள் எதிர்த்தார்கள். மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து கிராமத்தினர் உயிரிழந்தார்கள். தடை நீடித்தது. பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் ஆய்வு செய்தபோது தெரிந்த சேதி, அதிகாரிகளே எதிர்பாராதது. எருமைகள் மேயாததால் ஒருவகைப் புல் மண்டி, நீர்ப்பரப்பை மூடிவிட்டது. மேய்ச்சல், பறவைகளுக்குக் கெடுதல் என்று நினைத்தார்கள். மேய்ச்சல் நின்றதுதான் கெடுதலாக முடிந்தது. பின்னாளில் ஊர் மக்களைப் புல் அறுத்துக்கொள்ள அனுமதித்தார்கள்.

மணிப்பூரின் லோக்டாக் ஏரி இன்னொரு பாடம். மின்சாரம் எடுப்பதற்காக 1983-ல் இத்தாய் தடுப்பணை வந்தது. ஏரியில் ஆண்டு முழுவதும் நீர்மட்டம் உயர்ந்தே நின்றது. கரையோர விவசாய நிலங்கள் மூழ்கின. ஏரியில் மிதக்கும் புல் திட்டுகள், கோடையில் தரை தட்டி மண்ணிலிருந்து சத்தை எடுத்துக்கொள்ளும். அந்த வாய்ப்பு போனதால் திட்டுகள் மெலிந்தன. அவற்றை நம்பி வாழும் சங்காய் மான்களுக்கும் நெருக்கடி வந்தது. நீர் ஏறுவதும் இறங்குவதும்தான் ஏரியின் மூச்சு. அதை நிறுத்தினால் விவசாயிக்கும் நஷ்டம், மானுக்கும் நஷ்டம். பரத்பூரும் லோக்டாக்கும் ஆபத்தில் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சரின் தனிப் பட்டியலில் ஏறின.

அந்தப் பட்டியலிலிருந்து மீண்ட ஏரி சிலிகா. வண்டல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டதால் உப்புத்தன்மை குறைந்து, களை பெருகி, மீன்வளம் விழுந்தது. 2000-ம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டினார்கள். ஏரிக்கு நீர் தரும் மேட்டுப் பகுதிகளில் ஊர் மக்களோடு சேர்ந்து மண் அரிப்பைத் தடுக்கும் வேலைகளும் நடந்தன. மீன்பிடிப்பு பல மடங்கு உயர்ந்தது. 2002-ல் சிலிகா ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* வரத்துக்கால்வாய் முக்கியம். ஏரி நிரம்பாவிட்டால் பறவையும் வராது, நடவும் நடக்காது. கால்வாய் ஆக்கிரமிப்பு இருந்தால், மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்து மூலமாக மனு கொடுங்கள். ராம்சர் தகுதி அந்த மனுவுக்குக் கூடுதல் பலம்.

* மருந்து தெளிப்பதைக் குறைக்க வேண்டும். ஏரிக்கு மேல்புறம் உள்ள வயல்களின் வடிநீர் ஏரிக்குள்தான் வருகிறது. கீழ்ப்புற வயல்கள் பறவைகள் இரை தேடும் இடம். எனவே இரண்டு பக்கமும் கவனம் தேவை. விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைக் கரைசல் ஆகியவற்றை முதலில் பயன்படுத்துங்கள். வயலில் 'டி' வடிவக் குச்சி நட்டால் கரிச்சான் போன்ற பறவைகள் உட்கார்ந்து புழுவைப் பிடிக்கும்.

* கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஒவ்வொரு ராம்சர் நிலத்துக்கும் மேலாண்மைத் திட்டம் தயாரிக்க வேண்டும். மடை திறக்கும் காலம், வண்டல் எடுக்கும் காலம், மேய்ச்சல், மீன்பிடிப்பு ஆகியவற்றை அதில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட வன அலுவலருக்கும் மாநில ஈரநில ஆணையத்துக்கும் அனுப்புங்கள். திட்டம் எழுதி முடித்த பிறகு போராடுவதைவிட, எழுதும்போதே பேசுவது லேசு.

இன்னொரு கேள்வி

'நீலத்தாழைக்கோழி கூட்டமாக இறங்கி நெற்பயிரைக் கடித்துப் போடுகிறது. சரணாலயத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் விரட்டவும் பயமாக இருக்கிறது. விரட்டலாமா?'

- ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்.

தாராளமாக விரட்டலாம். ஆனால், விஷம் வைப்பது, வலையில் சிக்க வைப்பது, சுடுவது எல்லாம் வன உயிரினச் சட்டப்படி குற்றம். இந்தப் பறவை சம்பு, கோரை மண்டிய இடத்தில்தான் ஒளிந்து வாழும். வயலை ஒட்டிய வாய்க்காலிலும் வரப்பிலும் உள்ள சம்பைச் சுத்தம் செய்தால் தொல்லை குறையும். நட்ட முதல் சில வாரங்களுக்குப் பளபளக்கும் நாடாவை வயலின் குறுக்கே முறுக்கிக் கட்டுங்கள். காற்றில் அது எழுப்பும் சத்தமும் வெளிச்சமும் பறவையை மிரட்டும். ஒரே இடத்தில் கட்டி வைத்தால் பழகிவிடும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். சேதம் அதிகமாக இருந்தால் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர், வனச்சரக அலுவலர் இருவருக்கும் மனு கொடுங்கள்.

செங்கல்பட்டு வாசகிக்கு இன்னும் ஒரு வார்த்தை. உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். தண்ணீர் நிற்கும் என்று சட்டமே உறுதி சொல்லும் ஏரிகள் இந்த நாட்டில் அதிகம் இல்லை. வருங்காலத்தில் மனையாக மாறக் கூடாத ஏரிக்குக் கீழே 2 ஏக்கர் நஞ்சை வைத்திருப்பது, விற்றுவிட வேண்டிய சுமை அல்ல.