கப்பலுக்குக் கொடி உண்டு. குற்றத்துக்கு நாடு உண்டா?

குப்பைக்கும் சட்டம் உண்டு, தோழர்களே! ஒரு நாட்டின் நச்சுக் கழிவை மற்றொரு நாட்டுக்கு அனுப்பவேண்டுமானால், பெறுகிற நாட்டின் இசைவை எழுத்து மூலம் முன்கூட்டியே வாங்கவேண்டும் என்கிறது பாசல் ஒப்பந்தம். 1989-இல் எழுதினார்கள், 1992-இல் நடைமுறைக்கு வந்தது. ஏழை நாடுகள் பணக்கார நாடுகளின் குப்பைத் தொட்டியல்ல என்பதை உலகம் ஒப்புக்கொண்ட ஏடு அது. ஏட்டில் எழுதியது அப்படியே இருக்கிறது. நாட்டில் நடந்தது என்ன?

2006 ஆகஸ்ட் 19. மேற்கு ஆப்பிரிக்காவில், ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் துறைமுகத்தில் வந்து நின்றது, 'புரோபோ கோலா' என்ற கப்பல். அதில் பறந்தது பனாமா நாட்டுக் கொடி. கப்பலின் உடைமையாளர் கிரேக்கர். வாடகைக்கு அமர்த்தியது டிராஃபிகுரா என்ற எண்ணெய் வணிக நிறுவனம். அதற்கு நெதர்லாந்திலே ஓர் அலுவலகம், லண்டனிலே ஓர் அலுவலகம், ஸ்விட்சர்லாந்திலே ஓர் அலுவலகம்! ஐந்து நாடுகளுக்குச் சொந்தம் சொல்லக்கூடிய கப்பல். அதன் வயிற்றிலிருந்த நஞ்சோ ஆறாவது நாட்டுக்கு!

மட்டரகப் பெட்ரோலியச் சரக்கைக் காஸ்டிக் சோடா கொண்டு கப்பலிலேயே கழுவினார்கள். மிஞ்சியது கந்தக நாற்றமெடுத்த கழிவு. ஜூலை மாதம் ஆம்ஸ்டர்டாமில் அதை இறக்கப் பார்த்தார்கள். சுற்றுப்புறத்தார் நாற்றம் தாளாமல் முறையிட்டனர். கழிவை ஏற்கவிருந்த கம்பெனி கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்திற்று. அவ்வளவு கொடுப்பானேன் என்று, இறக்கியதைத் திரும்ப ஏற்றிக்கொண்டு கிளம்பிற்று கப்பல். அபிஜானில் அண்மையில்தான் உரிமம் பெற்றிருந்த 'டொம்மி' என்ற உள்ளூர்க் கம்பெனி அற்பத் தொகைக்கு ஒப்புக்கொண்டது. இரவோடிரவாக லாரிகளில் ஏற்றி, நகரைச் சுற்றிப் பல இடங்களில், மக்கள் குடியிருக்கும் பகுதிகளுக்கு அருகிலேயே கொட்டிவிட்டார்கள். முதுகுப்புறம் எதைச் சுமந்து செல்கிறோம் என்பதை லாரி ஓட்டிய தொழிலாளிக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

விடிந்தது. மூச்சுத் திணறல், வாந்தி, தலைவலி, மூக்கிலே குருதி! மருத்துவம் தேடி ஓடியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். மாண்டவர் 17 பேர் என்பது அந்நாட்டு அதிகாரிகளின் கணக்கு. அந்தக் கழிவால் சாவு நேரவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். மாண்டவர்கள் எழுந்து வந்து மறுப்பு அறிக்கை விடமுடியாதல்லவா!

பாசல் ஒப்பந்தம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். கப்பலைக் கழுவிய சாதாரண அழுக்கு நீர்தான் இது என்று பெயர் சூட்டினார்கள். கப்பலின் அன்றாட அழுக்குக்கு வேறு சட்டம். நச்சுக் கழிவுக்கு வேறு சட்டம். பெயரை மாற்றினால் சட்டமும் மாறுகிறது. மூக்கில் ஏறும் நாற்றம் மட்டும் மாறவில்லை.

பிறகு நீதி கேட்டார்கள். 2008-இல் அபிஜான் நீதிமன்றம் டொம்மி கம்பெனியின் தலைவருக்கு 20 ஆண்டுச் சிறை விதித்தது. எண்ணெய் நிறுவனம் அதற்கு முன்பே, 2007-இல், அந்நாட்டு அரசுக்குச் சுமார் 20 கோடி டாலர் தந்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே கணக்கை முடித்துக்கொண்டது. 2009-இல் லண்டனில் சுமார் 30,000 பேருக்கு மூன்று கோடி பவுன் தர உடன்பாடாயிற்று. அதிலும் ஒரு பகுதியை இடையிலிருந்தவர்கள் சுருட்டிக்கொள்ள, ஆயிரக்கணக்கானோர் வெறுங்கையோடு நின்றனர். 2010-இல் நெதர்லாந்து நீதிமன்றம், கழிவைச் சட்ட விரோதமாக ஏற்றுமதி செய்ததற்கும் அதன் தன்மையை மறைத்ததற்கும் பத்து லட்சம் ஈரோ அபராதம் போட்டது. அங்கே விசாரித்தது ஆம்ஸ்டர்டாமில் நடந்ததை. அபிஜானில் மக்களுக்கு நேர்ந்ததை அல்ல!

2023 செப்டம்பரில் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிர் வாழும் உரிமை, உடல் நல உரிமை, நல்ல சுற்றுச்சூழலுக்கான உரிமை ஆகியவற்றை மீறிவிட்டது என்று குற்றம் சாட்டப்பட்டது யார்? ஐவரி கோஸ்ட் அரசு! காவல் காக்கவேண்டிய அரசு கதவைத் திறந்துவிட்டது, தண்டனை தகும். ஆனால் கதவைத் தட்டியவன்? அவன் அந்தக் கூண்டிலேயே ஏறவில்லை. ஏற்ற முடியாது, அந்த மன்றம் அரசுகளை மட்டுமே விசாரிக்கும்.

தூய்மையான, நலமான சுற்றுச்சூழல் மனித உரிமை என்று 2022 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. ஆதரவு 161 நாடுகள். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. வரவேற்கிறோம். அந்த உரிமையைப் பறிப்பவன் எல்லைக்கு அப்பால் இருக்கும் கம்பெனியானால், எந்த மன்றத்தில் முறையிடுவது? அதைத் தீர்மானம் சொல்லவில்லை. அதற்குக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் இல்லை.

கம்பெனிகளுக்கு உலக மன்றமே கிடையாது என்று எண்ணிவிடாதீர்கள். அரசுகள் மீது வழக்குப் போட அவர்களுக்கு மன்றம் உண்டு! சிகரெட் பெட்டியில் எச்சரிக்கையைப் பெரிதாக்கியதற்காக, 2010-இல் உருகுவே என்ற சிறிய நாட்டைச் சிகரெட் கம்பெனி ஒன்று உலக நடுவர் மன்றத்துக்கு இழுத்தது. 2016-இல் உருகுவேதான் வென்றது. ஆனால் ஆறாண்டு அலைச்சல்! கம்பெனிக்கு அரசைக் கூப்பிட வழி உண்டு. அபிஜான் குடிசைவாசிக்குக் கம்பெனியைக் கூப்பிட வழி இல்லை.

அந்த வழியைத் திறக்கத்தான் 2014-இல் ஈக்வடாரும் தென் ஆப்பிரிக்காவும் ஜெனீவா மனித உரிமை அவையில் தீர்மானம் கொண்டுவந்தன: பன்னாட்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்த ஓர் ஒப்பந்தம் எழுதுக என்று. ஆதரவு 20, எதிர்ப்பு 14, நடுநிலை 13. எதிர்த்துக் கை தூக்கியோர் யார்? அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான்! மனித உரிமை பற்றி நமக்கெல்லாம் பாடம் நடத்தும் கனவான்கள்! பத்தாண்டுகளுக்கு மேலாக அங்கே வரைவு எழுதுகிறார்கள், அடிக்கிறார்கள், மறுபடி எழுதுகிறார்கள்.

ஆதரித்துக் கை தூக்கிய 20 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1984-இல் போபாலில் நச்சு வாயுவால் மக்களைப் பறிகொடுத்த நாடு இது. ஜாமீனில் வெளிவந்து நாட்டைவிட்டே பறந்த அமெரிக்க முதலாளியை 2014-இல் அவர் சாகும் வரை திரும்பக் கொண்டுவர முடியாத நாடு. அன்று கை தூக்கிய டில்லி, அந்த வரைவில் எந்த விதியைத் தான் வலியுறுத்துகிறது, எதை விட்டுக்கொடுக்கிறது என்பதை நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். அதைக் கேட்டுச் சொல்லவேண்டும் நம் உறுப்பினர்கள்.