உருவகம் சான்றாகாது

மொழி வரலாறு குறித்துத் தமிழில் எழுதப்படும் வாதக் கட்டுரைகளுள் பெரும்பாலானவை சான்றைக்கொண்டு வாதிடுவதில்லை. உறவுச் சொற்களைக்கொண்டு வாதிடுகின்றன. 2025 மே மாதம், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்னும் பொருள்படக் கமல்ஹாசன் பேசியதை அடுத்து எழுந்த பூசல் இதற்குப் போதிய எடுத்துக்காட்டு. மைசூரில் இருந்துகொண்டு இரு மொழிகளிலும் அதைப் படித்தவர்கள், இரு தரப்பாரும் ஒரே பிழையைச் செய்வதைக் கண்டிருப்பார்கள்.

முதலில் நம் தரப்பு. 'தாய்', 'மகள்', 'பிறந்தது' என்பன உருவகங்கள். மகளைப் பெற்ற பின்னும் தாய் தாயாகவே இருக்கிறாள். மொழி அவ்வாறு இருப்பதில்லை. பிரிந்த கிளைகள் அனைத்தும் மாறுகின்றன. 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் வாழ்த்துப் பாடல், பிற திராவிட மொழிகளைத் தமிழின் வயிற்றில் தோன்றியவையாகப் பாடுகிறது. கவிதைக்கு அந்த உரிமை உண்டு. 1970இல் அப்பாடலைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்ற தமிழக அரசு, அவ்வரிகளை விட்டுவிட்டே ஏற்றது. அரசு விட்டதை நம் மேடைகளும் கட்டுரைகளும் இன்னும் விடவில்லை.

அடுத்த உத்தி, 'உலக அறிஞர்கள் ஒப்புக்கொண்டுவிட்டனர்' என்பது. எந்த அறிஞர், எந்த நூலில் என்று கேட்டால் கால்டுவெல் பெயர் வரும். 1856இல் ஒப்பிலக்கணம் எழுதிய அவர், செந்தமிழ் உட்பட இன்றுள்ள எந்த ஒரு மொழியும் திராவிடத்தின் தொல்நிலையை முழுமையாகக் காட்டுவதில்லை என்றே கருதினார். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு கருத்தை விட்டுவிடுவது மேற்கோள் ஆகாது.

சான்று எப்படி இருக்கும்? தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. தமிழில் சேரி, கன்னடத்தில் கேரி. தமிழில் செய், பழங்கன்னடத்தில் கெய். இ, எ போன்ற முன்னுயிர்களுக்கு முன் ககரம் சகரமாவது உலக மொழிகள் பலவற்றில் காணப்படும் மாற்றம். எதிர்த்திசை மாற்றம் மிக அரிது. எனவே இச்சொற்களில் பழைய ஒலியைக் காத்திருப்பது கன்னடம். மறுபுறம், தமிழின் பால் இன்றைய கன்னடத்தில் ஹாலு. இங்கே பழமையைக் காத்திருப்பது தமிழ். ஆளுக்கொரு பழமையைக் காப்பவை உடன்பிறந்த மொழிகளாகவே இருக்க முடியும்.

'ககரம் சகரமாவதற்கு முன்பே கன்னடம் பிரிந்திருக்கலாமே' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த முந்தைய நிலை இரு மொழிக்கும் பொதுவானது. அதற்குத் 'தமிழ்' என்று பெயரிடுவது பெயர் சூட்டலே; கண்டுபிடிப்பு அன்று.

கன்னடத் தரப்பின் மறுப்பும் இதைவிட மேம்பட்டதன்று. 'எங்கள் மொழிக்கு நெடிய வரலாறு உண்டு' என்று முதலமைச்சர் சித்தராமையா முதல் பலரும் விடையளித்தனர். உண்மைதான், ஹல்மிடி கல்வெட்டே ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டினது. ஆனால் ஒரு மொழியின் வயது அதன் வழித்தோன்றலைப் பற்றி எதையும் சொல்லாது. கேட்காத கேள்விக்குச் சொன்ன விடை அது. கர்நாடக உயர்நீதிமன்றமோ, பேசியவர் வரலாற்றாசிரியரா, மொழியியலாளரா என்று வினவியது. மொழியியலாளர் சொல்லியிருந்தாலும் சான்றின்றிச் சொன்னது சான்றில்லாததே. தகுதியை வினவுவது சான்றை வினவுவதற்கு ஈடாகாது.

இந்நகரில் 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்கிவருகிறது. மொழிகளைப் பிறப்பு வரிசையில் நிறுத்தாமல் அருகருகே வைத்து ஆராய்வதற்கு இதைவிட ஏற்ற இடம் அரிது. இருந்தும் அப்பூசலின்போது நம் துறைகளிலிருந்து எழுந்த குரல்கள் மிகச் சில. ஆய்வாளர் விட்ட இடத்தை மேடைப்பேச்சு நிரப்பியது.

ஆய்வு மாணவர்களிடம் வேண்டுவது இதுதான். அடுத்த முறை 'தாய்மொழியிலிருந்து பிறந்தது' என்று எழுதும்போது, அந்த உருவகத்தை நீக்கிவிட்டு அதே வாக்கியத்தை மீண்டும் எழுதிப் பாருங்கள். ஒலிமாற்றமோ உருபனோ எஞ்சினால் வாதம் இருக்கிறது. ஒன்றும் எஞ்சாவிட்டால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.