தம்பியை அளந்தாச்சா?

ஃபேமிலியோடு சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போறீங்களா? விசா எடுக்கிறது, போய் இறங்கும் முன் மூணு நாளுக்குள் 'எஸ்.ஜி. அரைவல் கார்டு' நிரப்புறது (அது இலவசம்தான், காசு கேட்டா நம்பாதீங்க!) எல்லாம் அப்பா டிபார்ட்மென்ட்.

உங்க வேலை, இன்ச் டேப் எடுத்து தம்பியை அளக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 செ.மீ. உயரம் போதும். மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவுக்கு 125 வேணும்.

எங்க வீட்டு வாண்டு சுவரோரமா எக்கி எக்கி நின்னும் 121தான். ராத்திரி சாப்பிடாமலே படுத்துட்டான். அங்கே போய் கியூவில் அழறதுக்கு இது தேவலை. 'மம்மிக்கு நானும் போகலடா'னு சத்தியம் பண்ணியிருக்கேன். கேலக்டிகா பத்தி அவனும் கேட்கலை, நானும் வாயைத் திறக்கலை!

அப்புறம், மழை வந்து மின்னல் அடிச்சா திறந்தவெளி ரைடை நிறுத்திடுவாங்க. அதனால, கேலக்டிகாவுக்கு காலையிலேயே ஓடிடுங்க.