எல்லைக்கு வெளியே இருப்பவர் யார்?

மலையூரில் தனியே வாழும் தாயை நகரத்திலிருந்து மகன் கைபேசியில் அழைக்கிறான். மணி ஒலிக்கவில்லை. சில நொடி மௌனத்திற்குப் பின், அவன் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பதிவுக் குரல் பணிவோடு அறிவிக்கிறது. இந்தியாவின் ஏறத்தாழ எல்லாப் பெருமொழிகளிலும் இந்த அறிவிப்பு இதே பொருளில்தான் ஒலிக்கிறது.

இந்த வாக்கியத்தின் எழுவாயைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் வெளியே இருக்கிறார். எல்லை என்பது இயற்கையாகவே வகுக்கப்பட்ட ஒன்று போலவும், தாய்தான் அதைத் தாண்டிச் சென்றுவிட்டவர் போலவும் வாக்கியம் அமைகிறது. உண்மையில் அவர் எங்கும் செல்லவில்லை. தம் வீட்டு அடுப்படியில்தான் இருக்கிறார். எட்டாமல் போனது நிறுவனத்தின் சமிக்ஞை.

இதே நிலையை மக்கள் தம் பேச்சில் வேறுவிதமாகச் சொல்கிறார்கள். வட இந்தியச் சிற்றூர்களில் 'டவர் நஹீ ஆ ரஹா' என்பார்கள். டவர் வரவில்லை என்பது பொருள். தமிழிலும் 'டவர் கிடைக்கல' என்பதே புழக்கம். இங்கே எழுவாய் கோபுரம். வர வேண்டியது அது, வராமற்போனதும் அது. நிறுவனத்தின் இலக்கணம் மனிதரை வெளியே நிறுத்துகிறது. மக்களின் இலக்கணம் கோபுரத்தைப் பொறுப்பாக்குகிறது. ஓர் ஊரில் எந்த நிறுவனத்தின் இணைப்பு நன்றாக இருக்கிறது என்ற அன்றாடக் கேள்வியை இவ்விரு இலக்கணங்களில் எதைக்கொண்டு கேட்பது என்பதே இங்கு விவாதிக்கத்தக்கது.

உத்தராகண்டின் பித்தோராகட் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். காளி ஆற்றின் இக்கரையில் இந்தியாவின் தார்ச்சுலா. அக்கரையில் நேபாளத்தின் தார்ச்சுலா. இப்பகுதியின் எல்லையோரச் சிற்றூர்களில், இந்திய நிறுவனங்களின் சமிக்ஞை எட்டாததால் பலர் நேபாள சிம் அட்டைகளைப் பயன்படுத்தி வந்தது செய்தித்தாள்களில் மீண்டும் மீண்டும் பதிவான உண்மை. சொந்த நாட்டுக்குள் இருந்துகொண்டு, பக்கத்து மாவட்டத்து உறவினருக்குப் பேசுவதற்கு அயல்நாட்டு அழைப்பின் கட்டணத்தை அவர்கள் கொடுத்தார்கள். நேபாளத்தின் நேரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முந்தியது. ஆகவே அக்கரைச் சமிக்ஞையைப் பற்றிக்கொண்ட கைபேசியின் கடிகாரம் சில வேளைகளில் கால் மணி நேரம் முன்னால் ஓடுவதும் உண்டு. எந்த நிறுவனம் மேல் என்ற ஒப்பீடு அங்கே எந்த நாடு மேல் என்ற ஒப்பீடாக மாறிவிடுகிறது.

இப்படிப்பட்ட ஊரின் நிலை நாட்டின் கணக்கேடுகளில் ஏன் எளிதில் தென்படுவதில்லை? விடை நிர்வாக வரைபடத்தில் இருக்கிறது. இந்தியா 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டிலேயே தனி மாநிலமாகிவிட்ட உத்தராகண்டுக்குத் தனி வட்டம் இல்லை. அது 'உத்தரப் பிரதேசம் மேற்கு' என்னும் வட்டத்திற்குள் அடங்குகிறது. மீரட்டின் சமவெளியும் பித்தோராகட்டின் பனிமலைப் பள்ளத்தாக்கும் ஒரே கணக்கில் சேர்கின்றன. சேவைத்தரம் நெடுங்காலம் வட்டத்தின் சராசரியாகவே மதிப்பிடப்பட்டது. சமவெளியில் மக்கள் அடர்த்தி மிகுதி, கோபுரங்களும் மிகுதி. அங்கே கிடைக்கும் நல்ல எண்கள் மலையின் மோசமான எண்களை விழுங்கிவிடும். சராசரியில் தேர்ச்சி பெற்ற வட்டத்திற்குள் தோற்றுப்போன ஊர்கள் எத்தனை என்பது வெளியே தெரியாது.

இக்குறையைக் களையும் திசையில் ஓர் அடி எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஆகஸ்டில் புதிய சேவைத்தர விதிகளை வெளியிட்டது. அவை அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. எந்தத் தொழில்நுட்பம் எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதைக் காட்டும் வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சிம் வாங்குவதற்கு முன் தன் ஊரைத் தேடிப் பார்க்கும் வாய்ப்பு இதனால் வாடிக்கையாளருக்குக் கிடைத்திருக்கிறது.

ஆனால் வரைபடத்தில் வண்ணம் பூசப்பட்டிருப்பதும் வீட்டுக்குள் பேச முடிவதும் ஒன்றல்ல. இதற்கு இயற்பியல் காரணங்கள் உண்டு. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தொலைவு செல்லும். சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். 2300, 3300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகள் மிகுதியான தரவைச் சுமக்கும். ஆனால் அவற்றின் எட்டும் தொலைவு குறைவு, கற்சுவர் முன் விரைவில் தளர்ந்துவிடும். மலைநாட்டில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கோபுரம் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும் இடையே ஒரு மலைமுகடு குறுக்கிட்டால் மறுபக்கத்து ஊர் அலையின் நிழலில் விழுந்துவிடும். ஒரே ஊரின் மேல்தெருவில் முழுச் சமிக்ஞையும் கீழ்த்தெருவில் சூனியமும் நிலவுவது இதனால்தான்.

கைபேசித் திரையில் தெரியும் கோடுகளும் நம்பத்தக்க அளவுகோல் அல்ல. எத்தனை கோடுகளுக்கு எவ்வளவு வலிமை என்பதைக் கைபேசித் தயாரிப்பாளர்கள் தத்தம் விருப்பப்படி வகுத்துக்கொள்கிறார்கள். உண்மையான அளவு டெசிபல் மில்லிவாட் என்னும் அலகில் அமைகிறது. அதில் மூன்று அலகு குறைந்தாலே சமிக்ஞையின் திறன் பாதியாகிவிடும். எனவே ஒருவரின் கைபேசியில் மூன்று கோடும் மற்றொருவரின் கைபேசியில் இரண்டு கோடும் தெரிவதைக்கொண்டு எந்த நிறுவனம் மேல் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, கோடுகள் முழுதாக இருந்தும் மாலையில் இணையம் நகராமல் நிற்பதுண்டு. அது சமிக்ஞைக் குறைவு அன்று. ஒரே கோபுரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்வதால் நேரும் நெரிசல். மின்சாரம் நின்று, கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துபோனால் கோடுகளே மறைந்துவிடும். இம்மூன்றும் வெவ்வேறு நோய்கள். வரைபடம் இவற்றுள் முதலாவதை மட்டுமே, அதுவும் தோராயமாகவே, காட்டுகிறது.

வைத்திருக்கும் கருவியும் ஒப்பீட்டை மாற்றும். ஜியோ நிறுவனத்திற்கு 2ஜி வலையமைப்பே கிடையாது. அதன் அழைப்புகள் 4ஜி, 5ஜி வழியாகவே செல்கின்றன. பழைய பொத்தான் கைபேசி வைத்திருக்கும் மூதாட்டிக்கு, வீட்டு வாசலிலேயே அதன் கோபுரம் நின்றாலும், கருவியை மாற்றாமல் பயனில்லை. இளைஞர் ஒருவர் 'எங்கள் ஊரில் இதுவே சிறந்தது' என்று சொல்வது அவர் கையிலுள்ள கருவிக்கு உண்மை; அடுத்த வீட்டுக்கு அது பொருந்தாமல் போகலாம்.

தவறான தேர்வின் விலையும் சிறிதன்று. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரியில் நாடு முழுவதும் விரிந்தது. வாடிக்கையாளரின் கையில் கிடைத்த மிக வலிய கருவி அது. ஆயினும் ஒரு நிறுவனத்திற்கு மாறியவர் அங்கிருந்து மீண்டும் மாறுவதற்கு 90 நாள் காத்திருக்க வேண்டும். வரைபடத்தை நம்பி மாறிய குடும்பம், அது பொய்த்தால் மூன்று மாதம் சிக்கிக்கொள்கிறது. வசதியுள்ளவர் இரண்டாவது சிம் வாங்கி இடரைப் பங்கிட்டுக்கொள்கிறார். வசதியில்லாதவர் மொட்டைமாடியைத் தேடி நடக்கிறார்.

இது பேச்சுக்கான சிறு வசதி பற்றிய சிக்கல் மட்டுமாக இருந்த காலம் போய்விட்டது. நியாயவிலைக் கடையில் கைரேகை வைத்தால் அது ஆதார் வழங்கியை அடைந்து ஒப்புதல் பெற வேண்டும். வங்கிப் பரிமாற்றத்திற்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்தில் மாணவர்கள் பாறைகளிலும் மரங்களிலும் ஏறி அமர்ந்து பாடம் கேட்ட காட்சிகளை நாடே கண்டது. அரசு தன் சேவைகளைக் கைபேசிக்கு மாற்றிய நாளிலிருந்து, சமிக்ஞை இல்லாமை என்பது உரிமையை அடைய முடியாமையாக மாறிவிட்டது. அந்நிலையில் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்னும் தொடர், குடிமையின் எல்லைக்கு வெளியே என்ற பொருளையும் தாங்கி நிற்கிறது.

ஆட்கள் குறைவான மலையூரில் கோபுரம் நிறுவுவது நட்டமல்லவா என்று நிறுவனங்களின் தரப்பில் கேட்கப்படுவதுண்டு. கேள்வி நியாயமானது. சாலையற்ற இடத்திற்கு இரும்பைச் சுமந்து செல்ல வேண்டும். மின்சாரமும் பின்னணி இணைப்பும் அமைக்க வேண்டும். சந்தை தானாக அங்கே செல்லாது. ஆனால் இதை முன்னறிந்தே ஓர் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காட்டைப் பொதுச்சேவை நிதிக்குச் செலுத்துகின்றன. அந்நிதியே இப்போது 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் மாறியிருக்கிறது. அந்தப் பணத்தின் ஊற்று நாடெங்கும் உள்ள வாடிக்கையாளர்கள் செலுத்தும் கட்டணம். மலையூர் கேட்பது தானம் அல்ல. அதற்கென்றே திரட்டப்பட்ட பணத்தின் பயன்.

அந்நிதியைக்கொண்டு நடந்த பணியும் உண்டு. 4ஜி இணைப்பு இல்லாத 24,680 ஊர்களுக்கு அதைக் கொண்டுசெல்ல 26,316 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்தது, பி.எஸ்.என்.எல். அதை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றது. 2025 ஜனவரியில் இன்னொரு முக்கியமான மாற்றம் தொடங்கியது. பொதுநிதியில் எழுந்த 4ஜி கோபுரங்களை வட்டத்துக்குள் ரோமிங் முறையில் பல நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ள வழி செய்யப்பட்டது. ஓர் ஊரில் எந்தக் கோபுரம் நின்றாலும், எந்த சிம்மும் அதைப் பற்றிக்கொள்ளலாம் என்பதே இதன் சாரம்.

எந்த நிறுவனம் மேல் என்ற வாதத்தில் இந்தச் சாரம் பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. நான்கு நிறுவனங்கள் போட்டியிடும் நகரத்தில் ஒப்பீடு பொருளுள்ளது; அங்கே வாடிக்கையாளர் தேர்கிறார். ஒரே கோபுரம் நிற்கும் ஊரில் தேர்வு என்பது பெயரளவில்தான். அவ்வூருக்குத் தேவை சிறந்த நிறுவனத்தின் பெயரன்று. அந்த ஒற்றைக் கோபுரம் எல்லோருக்கும் திறந்திருப்பது. பொதுநிதிக் கோபுரங்களுக்கு இன்று பொருந்தும் பகிர்வு, ஒரே ஒரு தனியார் கோபுரம் மட்டுமே நிற்கும் ஊர்களுக்கும், நியாயமான கட்டணப் பங்கீட்டோடு, விரிவடைய வேண்டும். முதலிட்டவரின் ஊக்கம் குறையும் என்ற அச்சத்திற்கு அந்தப் பங்கீடே மறுமொழி. புயலிலும் வெள்ளத்திலும் அரசின் ஆணையால் இத்தகைய பகிர்வு சில நாள்களுக்குத் திறக்கப்படுகிறது. அவசரக் காலத்தில் இயலும் ஒன்று, தொழில்நுட்பத்தால் இயலாதது என்று மற்ற நாள்களில் சொல்ல இடமில்லை.

வரைபடத்திற்கும் இதே நேர்மை வேண்டும். நிறுவனங்கள் தனித்தனித் தளங்களில் தனித்தனி வண்ணங்களில் காட்டுவதை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்படி, தரவாகவே பொதுவில் வெளியிட வேண்டும். வீட்டுக்கு வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஊரின் நியாயவிலைக் கடை, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகிய மூன்று இடங்களில் நேரில் அளந்த எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். அந்தச் சுவரெழுத்து, மாநில அளவிலான எந்தச் சராசரியைவிடவும் ஒரு குடும்பத்திற்குப் பயன்படும். சமிக்ஞை எட்டாத ஊரில், எட்டும் நாள் வரையில், கைரேகைக்கும் கடவுச்சொல்லுக்கும் மாற்றாகக் கையொப்பமும் பதிவேடும் செல்லுபடியாக வேண்டும்.

அதுவரையில் அந்தப் பதிவுக் குரலையாவது திருத்தலாம். செலவில்லாத சீர்திருத்தம் அது. 'எங்கள் சமிக்ஞை அவரை எட்டவில்லை' என்று அது சொல்லட்டும். மகன் கேட்பது ஒரு சொல் மாற்றம் மட்டுமாக இருக்கலாம். ஆனால் அடுப்படியில் இருக்கும் தாய், எங்கும் போகாத குற்றத்திலிருந்து விடுபடுவார்.