ரசீது புத்தகம் யார் கையில்?

போன வாரம் ஜலகண்டாபுரத்தில், எங்கள் தெருவில் குப்பை வண்டியின் விசில் கேட்டபோது நான் பால் வாங்கப் போயிருந்தேன். திரும்புவதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஓடிப்போய்ப் பையை நீட்டினேன். வாங்கிய அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். பழைய சோறு, பால் கவர், ஷேவிங் பிளேடு எல்லாம் ஒன்றாகக் கிடந்தன.

"ஏங்க சார், இந்த பிளேடு எங்க கையத்தானுங்க கிழிக்கும்?"

குரலில் கோபம்கூட இல்லை. குனிந்து, அவரே பிரித்துப் போட்டுக்கொண்டார்.

நியாயமாக அந்த இடத்திலேயே எனக்கு அபராதம் விழுந்திருக்க வேண்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. தெருவில் கொட்டக் கூடாது, எரிக்கக் கூடாது, புதைக்கவும் கூடாது. மீறினால் ஸ்பாட் ஃபைன். ஆனால் குற்றத்தை நேரில் பார்த்த அக்காவிடம் ரசீது புத்தகம் இல்லை. அது பேரூராட்சிச் செயல் அலுவலருக்குக் கீழே வேலை பார்க்கும் ஓரிருவரிடம் இருக்கும். டெங்குக் கொசு, குடிநீரில் குளோரின், கடை ஆய்வு, தேர்தல் வந்தால் தேர்தல் வேலை என்று அவர்கள் தலையில் ஏற்கெனவே ஆயிரம். பேரூராட்சிகளை இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று வருமானத்தை வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். ஆள் பலமும் அதை ஒட்டியே வருகிறது. எவ்வளவு குப்பை சேருகிறது என்பதை வைத்துத் தரம் பிரித்தால் கதையே வேறாக இருக்கும்.

பிளாஸ்டிக் தடையும் இப்படித்தான். பக்கத்து எடப்பாடிக்காரர் முதலமைச்சராக இருந்தபோது அறிவித்த தடை, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்கு அமலானது. அந்த ஆண்டே அபராதத்தையும் வகுத்தார்கள். பதுக்கி வைத்து விற்பவருக்கு 25,000 ரூபாயில் தொடங்கி 1 லட்சம் வரை. தெருவோரச் சிறு வியாபாரிக்கு 100, 200, 500. அளவு நியாயமானதுதான். நடைமுறையில் கைக்கு எட்டுவது யார்? கூடையோடு உட்கார்ந்திருக்கும் பூக்கார அம்மா. கவர் மூட்டை எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று தேடிப் போக ஆளும் வேண்டும், துணிச்சலும் வேண்டும். சின்ன ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் மாமன் மச்சான். ரசீதைக் கிழிப்பதற்குள் நாலு போன் வந்துவிடும்.

அப்படியானால் வெளியாட்களை வைத்துப் பிடிக்கலாமே என்பீர்கள். மும்பை மாநகராட்சி 2007-இல் 'கிளீன் அப் மார்ஷல்'களை இறக்கியது. ஆள் தனியார் நிறுவனத்துடையது, வசூலில் பாதி நிறுவனத்துக்கு. மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள் என்று புகார் குவிந்தது. நிறுத்தினார்கள், மறுபடி தொடங்கினார்கள், 2025 ஏப்ரலில் மீண்டும் கைகழுவினார்கள். பிடிபடும் தலைக்கு இவ்வளவு என்று பங்கு வைத்தால் தெரு சுத்தமாவதில் யாருக்கு லாபம்? பெங்களூருவில் 2019-இல் முன்னாள் ராணுவத்தினரையே மார்ஷலாக நிறுத்தினார்கள். நம் ஊர்ச் சந்தைக்கு அது ரொம்ப அதிகம்.

வேறு வழிக்கு உதாரணமாக நமக்கு அருகிலேயே நாமக்கல் இருக்கிறது. இப்போது மாநகராட்சி. நகராட்சியாக இருந்த காலத்தில், 2000-களின் தொடக்கத்தில், குப்பையில்லா நகரம் என்று பேர் வாங்கியது. ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழும் பெற்றது. வீடு வீடாகப் போய்ப் பிரித்து வாங்கியதுதான் அதற்கு அச்சாணி.

ஜலகண்டாபுரத்துக்கு வருவோம். இது தறி ஓடும் ஊர். நைட் ஷிஃப்ட் முடித்து விடிகாலையில் படுத்தவர் ஏழு மணி விசிலுக்கு எழுந்து வருவாரா? வர மாட்டார். அவர் வீட்டுப் பையும், தறிப்பட்டறையில் கூட்டிய நூல் கழிவும், காலியான கோனும், கோன் வந்த பாலித்தீன் உறையும் இருட்டில் சாக்கடை ஓரம் போய்ச் சேரும். அவரைப் பிடித்து 500 ரூபாய் வாங்கலாம்தான். மறுநாளும் அவர் ஏழு மணிக்குத் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்.

தறித் தெருக்களுக்குச் சாயங்காலம் ஒரு நடை வண்டி வரட்டும். அதற்குப் பிறகும் சாக்கடையில் போடுகிறவருக்கும், என்னைப் போல் பிரிக்காமல் நீட்டுகிறவருக்கும் தாட்சண்யம் வேண்டாம். கதவு எண்ணை அக்கா குறித்துக் கொடுத்தால் போதும். ரசீது அலுவலகத்திலிருந்து வரட்டும், பொல்லாப்பு அவர் தலையில் விழக் கூடாது.

வார்டு உறுப்பினரை எங்கேயாவது பார்த்தால் அந்தச் சாயங்கால வண்டியைக் கேளுங்கள். நானும் கேட்கிறேன்.